இட்லி முதல் இலைச் சாப்பாடு வரை: உணவைப் படம் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சமைத்து ஆர்டர் எடுப்பவர்கள், சின்ன மெஸ் நடத்துபவர்கள், சமையல் பக்கம் வைத்திருப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களும் நம் சாப்பாட்டை வைத்துத்தான். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் கேக்கையும் பாஸ்தாவையும் வைத்துச் சொல்லப்பட்டவை. வத்தக்குழம்புக்கும் வாழையிலைக்கும் அவற்றில் பதில் கிடைக்காது. தட்டின் மேல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கீழே திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நல்ல படத்துக்கு கேமரா வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். சமீபத்திய போன் எதுவாக இருந்தாலும் மெனு கார்டுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் போதும். எடுப்பதற்கு முன் லென்சைத் துடையுங்கள். சமையலறையில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு எப்போதும் இருக்கும். எதிரே ஜன்னல் இருந்தால் படம் முழுக்கப் புகை மூடிய மாதிரி வருவதற்கு அதுதான் காரணம். சுத்தமான பருத்தித் துணி போதும்.

அடுத்தது, தட்டை ஒட்டிப் போய் எடுக்காதீர்கள். போனின் முக்கிய கேமரா அகலமாகப் பார்க்கும் லென்ஸ். பழைய ஃபிலிம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 24 முதல் 28 எம்எம். பக்கத்தில் போனால் முன்விளிம்பு ஊதிப் பெருத்து, வட்டத் தட்டு கோணலாகிவிடும். 2 எக்ஸ் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், தட்டு தட்டாகவே இருக்கும். சில போன்கள் பக்கத்தில் போனதும் தானாகவே மேக்ரோவுக்கு மாறி, அதைவிட அகலமான லென்ஸைப் பயன்படுத்தும். அதை செட்டிங்ஸில் நிறுத்தி வைப்பது நல்லது.

ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 50 அல்லது 100 எம்எம் லென்ஸ் போட்டு, எஃப் 5.6 முதல் 8 வரை வையுங்கள். எஃப் 1.8இல் எடுத்தால் ஒரு வடையின் ஓட்டை மட்டும் தெளிவாக இருக்கும், மீதி வடை மங்கிவிடும்.

வெளிச்சம், வெளிச்சம் என்கிறீர்களே, சரியாக என்ன செய்ய வேண்டும்?

வெயில் நேராக உள்ளே விழாத ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்தில் ஒரு மேசையோ ஸ்டூலோ போடுங்கள். அறைக்குள் இருக்கும் எல்லா விளக்கையும் அணையுங்கள். தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, நீங்கள் 6 மணி இடத்தில் நின்றால் ஜன்னல் 10 மணிக்கோ 2 மணிக்கோ இருக்க வேண்டும். அதாவது வெளிச்சம் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

காரணம் இருக்கிறது. மேடு பள்ளத்தின் நிழல் தெரிந்தால்தான் ஒரு பொருள் மொறுமொறுப்பா, மெத்தென்று இருக்கிறதா, ஈரமா என்று கண்ணுக்குப் புரியும். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தாலோ, போனின் ஃபிளாஷ் அடித்தாலோ நிழல் எல்லாம் உணவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். படத்தில் மெதுவடை வெறும் பழுப்பு வட்டமாகிவிடும்.

எதிர்ப் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் அங்கே ஒரு வெள்ளைத் தெர்மகோல் தாளை நிறுத்துங்கள். ஸ்டேஷனரி கடையில் வாங்கும் வெள்ளை சார்ட்டை இரண்டாக மடித்து நிற்க வைத்தாலும் போதும். ஜன்னலில் வெயில் நேராக அடித்தால் வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாக விரித்துக் கட்டுங்கள். இதற்கென்றே விற்கும் துணியைவிட அது ஒன்றும் குறைந்ததில்லை.

வெளிச்சம் மென்மையாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் கத்தியால் வெட்டிய மாதிரி விழுந்தால் இன்னும் ஒரு மடிப்புத் துணி தேவை. ஓரங்கள் கரைந்து விழுந்தால் சரி, ஆரம்பிக்கலாம்.

நம் ஊரில் கிழக்கு ஜன்னல் காலையில் வெயிலை உள்ளே விடும், மேற்கு ஜன்னல் மாலையில். அதற்கு எதிர்நேரத்தில் அந்தந்த ஜன்னலைப் பயன்படுத்துங்கள். வடக்கு ஜன்னல் இருந்தால், வருடத்தின் பெரும்பகுதி, நாள் முழுக்க எடுக்கலாம். மழைக்கால மேகமூட்டம் சாப்பாட்டுப் படத்துக்கு அருமையான வெளிச்சம். பலரும் அன்றைக்கு இருட்டாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

டியூப் லைட்டையும் போட்டால் இன்னும் வெளிச்சமாக இருக்காதா?

வெளிச்சம் கூடும், நிறம் கெடும். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின், வெள்ளை எல்ஈடி 6500 வரை போகும், மஞ்சள் பல்பு 2700 முதல் 3000. இரண்டு வகை ஒரே தட்டில் விழுந்தால் சோற்றின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். கேமராவால் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது, பிறகு எடிட்டிங்கிலும் தனித்தனியாகச் சரிசெய்வது பெரும்பாடு. எதை வைத்துக்கொண்டாலும் ஒரே வகை வெளிச்சமாக இருக்கட்டும்.

நான் சமைத்து முடிக்கவே இரவாகிவிடுகிறது. ஜன்னலுக்கு எங்கே போவது?

ஒரே ஒரு நல்ல எல்ஈடி விளக்கு வாங்குங்கள். வாட்டைவிட, பெட்டியில் போட்டிருக்கும் சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 95 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது குறைந்தால் முதலில் அடிபடுவது சிவப்பு. நம் சமையலில் சிவப்பு இல்லாமல் என்ன இருக்கிறது? மிளகாய், தக்காளி, காரச் சட்னி எல்லாமே செத்துப்போன பழுப்பாக வரும்.

விளக்கை ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில், அதாவது பக்கவாட்டுப் பின்புறத்தில் வையுங்கள். முன்னால் ஒரு பட்டர் பேப்பரையோ வெள்ளைத் துணியையோ, சூடு ஏறாத தூரத்தில் கட்டுங்கள். துணி எவ்வளவு பெரிதோ, தட்டுக்கு எவ்வளவு அருகிலோ, நிழல் அவ்வளவு மென்மை. போட்டோ கடைகளில் விற்கும் வட்ட ரிங் லைட்டை முகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்கு வேண்டாம். அது முன்னாலிருந்து அடிக்கும், குழம்பில் வெள்ளை வளையம் ஒன்றும் மிதக்கும்.

சாதாரண வீட்டு விளக்கில் எடுக்கும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை போய்விடும்.

எந்தக் கோணத்திலிருந்து எடுப்பது?

உணவின் உயரம்தான் முடிவு செய்யும். தட்டையாகப் பரந்து கிடப்பதை, அதாவது இலைச் சாப்பாடு, ஊத்தப்பம், கிண்ணங்கள் நிறைந்த தட்டு போன்றவற்றை நேர் மேலிருந்து எடுங்கள். உயரமாக நிற்பதை, கூம்பாகச் சுருட்டிய நெய் ரோஸ்ட்டையோ நுரை தளும்பும் காபி டம்ளரையோ, தட்டின் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். மீதி எல்லாம் சாப்பிட உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, சாய்வாக. யோசனை வரவில்லையென்றால் இந்தச் சாய்வுக் கோணமே போதும்.

என் இட்லி ஏன் சாம்பல் நிறத்தில் வருகிறது?

கேமராவுக்கு அது இட்லி என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரமான ஒரு சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தால், ஐயோ அதிக வெளிச்சம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும். இட்லியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். எண்ணாக வைக்கும் போன் என்றால் +0.7 அல்லது +1. வத்தக்குழம்பு, எள்ளுருண்டை, கருப்பட்டி அல்வா போன்ற கருத்த பொருள்களுக்கு இதற்கு நேர்மாறு, கீழே தள்ள வேண்டும்.

வெள்ளையாக வந்தாலும் இட்லி மொட்டையாகத் தெரிந்தால், வெளிச்சத்தைத் தாழ்த்துங்கள். மேசை மட்டத்திலேயே பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் இட்லியின் நுண்துளைகள் ஒவ்வொன்றும் தெரியும். துணி போட்டு வேகவைத்த இட்லியாக இருந்தால் அதன் முதுகில் நெசவின் தடம் லேசாகப் பதிந்திருக்கும். தட்டில் எண்ணெய் தடவி ஊற்றிய இட்லிக்கு அது இருக்காது. அந்தத் தடம் படத்தில் வந்துவிட்டால், பார்ப்பவருக்கு வீட்டு இட்லி என்று சொல்லாமலே தெரிந்துவிடும். அப்புறம் ஒரு இட்லியைப் பிட்டு உள்பக்கத்தைக் காட்டுங்கள். கத்தியால் வெட்ட வேண்டாம், துளைகள் நசுங்கிப்போகும்.

தோசை எடுப்பதற்குள் சொதசொதவென்று ஆகிவிடுகிறதே?

ஆகத்தான் செய்யும். மொறுமொறுப்பு கல்லிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குத்தான். அதனால் தோசை வருவதற்கு முன்னாலேயே மற்ற எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தட்டு, சட்னிக் கிண்ணம், பின்னணி, வெளிச்சம், போன் நிற்கும் இடம் எல்லாவற்றையும் முதலில் ஊற்றிய ஒரு டம்மி தோசையை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். பிறகு ஒருவர் அடுப்பில் நிற்க, ஒருவர் போனோடு நிற்க, புது தோசை நேராகத் தட்டுக்கு வரட்டும். டம்மியை எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே இதை வைத்ததும் எடுக்க வேண்டியதுதான். ஸ்டுடியோவில் இந்த இரண்டாவதை ஹீரோ என்பார்கள்.

தோசையில் காட்ட வேண்டியது கரண்டி தேய்த்த வட்டங்கள். மாவு தடிமனாக நின்ற இடம் வெளுத்தும் மெலிந்த இடம் சிவந்தும், உள்ளிருந்து வெளியே சுற்றிக்கொண்டே போகும். ஓரத்தில் ஜல்லடை மாதிரி பொத்தல் விழுந்திருக்கும். தாழ்ந்த பக்க வெளிச்சம் மட்டுமே இதையெல்லாம் எழுப்பிக் காட்டும். கல்லில் பட்டுச் சிவந்த பக்கம் வெளியே தெரியும்படி மடியுங்கள். தட்டைவிட நீளமாக இருந்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், அதுதான் அழகு.

சட்னியைக் கெட்டியாக அரையுங்கள். நீர் பிரிந்து ஓரத்தில் நிற்கும் தேங்காய்ச் சட்னி படத்தில் பழசு மாதிரி தெரியும்.

சாம்பார், குழம்பு எல்லாம் படத்தில் பழுப்புக் குட்டையாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

இது நம் சமையலின் பெரிய சிக்கல். சுவை அத்தனையும் திரவத்துக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டும். முதலில் பாத்திரத்தை மாற்றுங்கள். ஆழமான கிண்ணத்தில் முருங்கைக்காயும் வெங்காயமும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அகலமான, ஆழமில்லாத கிண்ணத்தில் அதே சாம்பாரை ஊற்றினால் காய் தானாகவே தலைதூக்கும். முதலில் காயை அரித்து வைத்து, பிறகு ஓரமாகச் சாறை ஊற்றுங்கள்.

தாளிப்பை எடுக்கும் நேரத்தில் தனியாகச் செய்து மேலே கொட்டுங்கள். கடுகு, கிள்ளிய வற்றல் மிளகாய், பச்சை மாறாத கறிவேப்பிலை போதும். அரை மணி நேரம் ஊறிய கறிவேப்பிலை கறுத்துப்போயிருக்கும். குழம்பில் எண்ணெய் பிரிந்து மிதந்தால் அதை ஒற்றி எடுக்காதீர்கள். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் அந்தச் சிவந்த எண்ணெய் வளையம்தான் குழம்பு பக்குவமாக வற்றியிருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஜன்னலின் பிரதிபலிப்பு பெரிய வெள்ளைத் திட்டாக விழுந்தால் போனை ஒரு சாண் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். திட்டு சுருங்கி ஓரத்தில் ஒரு கீற்றாக நிற்கும். அந்தக் கீற்று இருக்கட்டும், அதை முழுக்க அழித்துவிட்டால் குழம்பு காய்ந்துபோன மாதிரி ஆகிவிடும்.

கிண்ணத்தின் அடியில் எதையாவது போட்டுக் காயை மேலே நிறுத்தலாமா?

விற்பனைக்கான படம் என்றால் கூடாது. அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் நிறுவனம் விளம்பரப் படத்தில் கிண்ணத்துக்குள் கண்ணாடிக் கோலிகளைப் போட்டது. காய்கள் மேலே நின்றன, சூப் காயால் நிறைந்தது மாதிரி தெரிந்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி அதில் தலையிட்டு, 1970இல் இனி அப்படிச் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. படம் எடுப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இது.

இங்கேயும் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. சட்டத்தை விடுங்கள். படத்தில் ஆறு துண்டு காட்டிவிட்டு டப்பாவில் மூன்று வைத்தால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார். கடையில் தரும் அதே அளவை, அதே துண்டுகளை அழகாக அடுக்கிக் காட்டுங்கள். அடுக்குவது வேறு, கூட்டிக் காட்டுவது வேறு.

ஏஐ வைத்து உருவாக்கிய பிரியாணிப் படத்தை மெனுவில் போடுவதும் என் பார்வையில் இதே கணக்குத்தான். அது உங்கள் அடுப்பில் வெந்ததில்லை.

இலைச் சாப்பாட்டை எப்படி எடுப்பது?

நிறைய நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய படம் இது. முதலில் இலை. கிழிசல் இல்லாத நுனி இலையாக எடுத்து, கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். நீர்த்துளி நிறைய இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கண்ணைக் குத்தும். நுனி சாப்பிடுபவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் வெளிச்சத்துக்காக எதிர்ப்பக்கம் போய் நின்று எடுத்துவிட்டால் படத்தில் நுனி வலப்பக்கம் வந்துவிடும். போனின் முன்கேமராவோ ஒரு எடிட்டிங் ஆப்போ படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பினாலும் அதேதான். பெரியவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். வெளிச்சம் சரியில்லை என்றால் மேசையைத் திருப்புங்கள், இலைக்கும் உங்களுக்கும் உள்ள திசை மாறக் கூடாது.

பரிமாறும் அளவைக் குறையுங்கள். பந்தியில் வைப்பது போல வைத்தால் பச்சை மறைந்துவிடும். பொரியலுக்கும் கூட்டுக்கும் நடுவே இலை தெரிய வேண்டும். காய்ந்த பதார்த்தங்களை முதலில் வையுங்கள். உப்பு, ஊறுகாய், பொரியல், வறுவல், பிறகு கூட்டு, பச்சடி. சோறு அதற்கப்புறம்தான். சுடுசோறு பட்ட இடத்தில் இலை கறுத்து வாடும், ஆகவே சோற்றைக் கொஞ்சம் ஆறவிட்டு வைக்கலாம். கடைசியாக சாம்பாரும் நெய்யும். சாம்பாரைச் சோற்றின் நடுவில் குழி பறித்து ஊற்றினால் ஓடாது. அப்பளம் எல்லாவற்றுக்கும் கடைசி. காற்றில் ஈரம் அதிகமுள்ள சென்னை, நாகப்பட்டினம் பக்கம் அது நமுத்துப்போக நேரமே ஆகாது. பாயசத்தை இலையில் விட்டால் ஓடிப் பொரியலில் கலக்கும், படத்துக்குச் சின்னக் கிண்ணத்தில் வைப்பதில் தப்பில்லை.

எடுப்பது நேர் மேலிருந்து. ஸ்டூலில் ஏறிக்கொள்ளுங்கள், யாரையாவது ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல போன்களில் லெவலை ஆன் செய்தால், கீழ்நோக்கிப் பிடிக்கும்போது திரையில் இரண்டு கூட்டல் குறிகள் வரும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் போன் சரியான மட்டத்தில் இருக்கிறது. இலை நீளமானது என்பதால் ஜன்னல் பக்கம் வெளுத்தும் மறுபக்கம் இருண்டும் போகும். ஜன்னலிலிருந்து ஓரிரு அடி தள்ளி வைத்து, எதிர்ப்புறம் தெர்மகோலை இலையின் நீளத்துக்கு நிறுத்துங்கள். அதே தெர்மகோல் இன்னொரு வேலையும் செய்யும். இலையின் பச்சை சோற்றின் ஓரத்தில் அடித்து அதைப் பாசி நிறமாக்கும், வெள்ளை வெளிச்சம் திரும்பி விழுந்தால் அது தணியும்.

எவர்சில்வர் தட்டில் என் முகமே தெரிகிறது!

தட்டு எதைப் பார்க்கிறதோ அதைத்தான் காட்டும். அதைச் சுற்றிலும் பார்க்க ஒரே நிறமாக ஏதாவது கொடுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள், உங்கள் உடம்பில் கறுப்புச் சட்டை, அவ்வளவுதான். வண்ணச் சட்டை போட்டால் தட்டு விளிம்பில் அந்த வண்ணம் வரும். போலரைசர் ஃபில்டர் வாங்கினால் போய்விடும் என்று சொல்வார்கள். அது இலையின் பளபளப்பையும் குழம்பின் மினுமினுப்பையும் கண்ணாடியின் பிரதிபலிப்பையும் குறைக்கும், வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பில் அதற்குப் பெரிதாக வேலையில்லை. கீறல் விழுந்து மங்கிய பழைய தட்டும் பித்தளைப் பாத்திரமும் எடுப்பதற்கு எளிது. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவராதீர்கள்.

ஆவி பறப்பதை எப்படிப் பிடிப்பது?

ஃபேனை அணையுங்கள். ஆவியாக நமக்குத் தெரிவது மிகச் சிறிய நீர்த்துளிகள். வெளிச்சம் அவற்றுக்குப் பின்னாலிருந்து வந்து, அவற்றின் பின்னணி கருமையாக இருந்தால் மட்டும் கேமராவுக்குத் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எவ்வளவு சூடான பொங்கலை வைத்தாலும் ஆவி காணாமல் போய்விடும். ஒரு கறுப்பு சார்ட்டைப் பின்னால் நிறுத்தி, ஜன்னல் சார்ட்டின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி அமையுங்கள். குளிர்ந்த விடியற்காலையிலோ ஏசி அறையிலோ ஆவி நன்றாக எழும், மே மாத மதியத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

ஃபில்டர் காபி?

நுரை உடைவதற்குள் எடுக்க வேண்டும். டம்ளர் விளிம்பு மட்டத்துக்குக் குனிந்து, விளிம்புக்கு மேலே நுரை எழும்பி நிற்பதைக் காட்டுங்கள். ஆற்றும்போது எடுப்பதென்றால் ஷட்டர் 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக வேண்டும், அதற்கு நிறைய வெளிச்சம் தேவை. ஒருவர் ஆற்ற, ஒருவர் பர்ஸ்ட் மோடில் தொடர்ச்சியாக எடுக்க, பிறகு அந்த வரிசையிலிருந்து நாடா அறுபடாமல் விழும் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

ஜிகர்தண்டா, அல்வா போன்றவை?

இரண்டுக்கும் ஒரே மருந்து, பின்னால் வெளிச்சம். கண்ணாடி டம்ளரில் பாதாம் பிசின் பளிங்கு மாதிரி தெரிவதும், நன்னாரி சர்பத் பாலில் இறங்குவதும் அப்போதுதான் தெரியும். திருநெல்வேலி அல்வாவை மெல்லிய துண்டாக வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவ விடுங்கள். உள்ளே அம்பர் நிறத்தில் ஒளிரும், ஓரத்தில் நெய் கசிந்து நிற்கும். முன்னாலிருந்து எடுத்த அல்வா கறுத்த கட்டிதான்.

டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்த மாதிரி துளிகள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டுமென்றால் தண்ணீரும் கிளிசரினும் சரிபாதி கலந்து வெளிப்பக்கம் மட்டும் தெளியுங்கள். உள்ளே இருப்பது நிஜ ஜிகர்தண்டாவாகவே இருக்கட்டும்.

பிரியாணியில் கவனிக்க வேண்டியது?

சீரகச் சம்பா அரிசி குட்டையானது, தூரத்திலிருந்து எடுத்தால் உப்புமா மாதிரி தெரியும். அதற்கு நெருக்கமான படம் வேண்டும். பாசுமதி நீளமானது என்பதால் தள்ளி நின்றாலும் மணி மணியாகத் தெரியும். குவியலாகக் கொட்டி அமுக்காமல், கரண்டியால் பக்கவாட்டில் தள்ளி உதிரியாகப் பரப்புங்கள். கறித்துண்டில் மசாலா ஒட்டிய பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். பக்கத்தில் வெங்காயப் பச்சடியின் வெள்ளை இருந்தால் பழுப்பு எடுப்பாகத் தெரியும். மேலே உள்ள சோறு சீக்கிரம் காய்ந்துவிடும். நீங்கள் தயாராகும்வரை மூடியே வையுங்கள்.

பின்னணிக்கு என்ன வைக்கலாம்?

பளபளக்காத எதுவும். கடப்பா கல், பழைய மரப் பலகை, சிவப்பு ஆக்சைடு தரை, கோரைப்பாய், சலவை செய்த பருத்திச் சேலை. பாலிஷ் போட்ட கிரானைட் மேடையைத் தவிருங்கள், எவர்சில்வர் தட்டின் பிரச்சினை அதிலும் வரும். கருத்த உணவுக்கு வெளிறிய பின்னணி, வெளுத்த உணவுக்குக் கருத்தது என்று ஆரம்பித்தால் எளிது. பக்கத்தில் வைக்கும் பொருள் அந்தச் சமையலில் இருந்ததாக இருக்கட்டும். ரசத்துக்குப் பக்கத்தில் மிளகும் தக்காளியும் இருந்தால் அர்த்தம் உண்டு. எல்லாப் படத்திலும் பட்டையையும் அன்னாசிப்பூவையும் தூவி வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

போர்ட்ரெய்ட் மோடில் எடுக்கலாமா?

வேண்டாம். கறிவேப்பிலை நுனி, கரண்டிக் காம்பு, கண்ணாடி விளிம்பு, ஆவி எல்லாவற்றையும் தவறாகக் கணக்குப் போட்டு அரைகுறையாக மங்கவைக்கும். பின்னால் மங்க வேண்டுமென்றால் பின்னணிப் பொருள்களைத் தட்டிலிருந்து தூரத் தள்ளி வைத்து, 2 எக்ஸில் எடுங்கள்.

எடிட்டிங் எவ்வளவு செய்யலாம்?

ஸ்னாப்சீட் அல்லது லைட்ரூம் மொபைல், எதுவானாலும் சரி. முதலில் ஒயிட் பேலன்ஸ். சோறோ தட்டோ வெள்ளையாக வரும்வரை சரிசெய்யுங்கள். பிறகு வெளிச்சம், அதற்கப்புறம் ஹைலைட்ஸை, அதாவது படத்தின் மிக வெளிச்சமான இடங்களை, கொஞ்சம் குறைப்பது. இவ்வளவு செய்ததும் பெரும்பாலும் போதும். சாச்சுரேஷனை ஏற்றினால் மிளகாய்த்தூள் நிறம் போய் சாயப்பொடி நிறம் வரும். கிளாரிட்டியை ஏற்றினால் சோற்றில் அழுக்கு ஒட்டிய மாதிரி இருக்கும். மஞ்சளடிக்கும் ஃபில்டர்கள் இட்லியை முந்தாநாள் இட்லியாக்கிவிடும். போனின் ஃபுட் மோடும் இதே தவறுகளைத் தானாகச் செய்யக்கூடியது, சாதாரண மோடிலேயே எடுங்கள். முடித்ததும், இன்னும் உணவு எதிரே இருக்கும்போதே, திரையையும் தட்டையும் மாறி மாறிப் பாருங்கள்.

ஹோட்டலில் சாப்பிடப் போகும்போது?

பகலில் போய் ஜன்னல் ஓர மேசையைப் பிடியுங்கள். இரவென்றால் ஃபிளாஷ் வேண்டாம். கூட வந்தவரின் போனில் டார்ச்சைப் போட்டு, அதன் மேல் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்துப் பிடித்து, பக்கவாட்டில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த மேசைக்காரர் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டை எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை.

என் கடைக்கு ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம்?

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். உரிமை, படம் எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடங்களுக்கும் நீடிக்கும். ஆனால் எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும், ஆகவே கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். பணம் கொடுக்காமல் ஒருவர் தாமாகவே எடுத்துப் பகிர்ந்த படம் அவருடையது. அது உங்கள் கடைச் சாம்பாராகவே இருந்தாலும் மெனுவில் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

கடைசியாக, படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கிவிடுகிறதே?

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அனுப்பும்போது எச்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள், அச்சுக்குக் கொடுக்கும் படமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எடுக்கும்போதே தட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால், இன்ஸ்டாகிராமின் 4:5க்கும் டெலிவரி ஆப்பின் சதுரத்துக்கும் கடை வாசல் பேனருக்கும் ஒரே படத்திலிருந்து வெட்டிக்கொள்ளலாம்.